நாலு தடவை கூப்பிட்ட பெயர்

உள்ளறையில் தகரப் பெட்டியின் மேல் சார்ஜில் கிடந்த கைபேசி கடகடவென்று அதிர்ந்தது. நடுவில் பலகைச் சுவர் மட்டும்தான். முன்னறையில் தேத்தண்ணிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன விஜேந்திரன் அப்படியே நிறுத்தினார்.

“அம்மாவா இருக்கும்,” என்றாள் குசினி வாசலில் நின்ற தனுஜா. அவள் முகம் மலர்ந்தது. “பிளேன் ஏறிட்டேன்னு சொல்லக் கூப்பிடுறாங்க.”

அவளுடைய அப்பா வீரய்யா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

அது ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குச் சற்று முன். தெமோதரை ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து வீடு அது. மறுநாள் காலையில் அங்கே தனுஜாவுக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. மாப்பிள்ளை துஷாந்தின் தாய் இராக்கம்மாவும் அவளுடைய அண்ணன் விஜேந்திரனும் ஹாலிஎலயிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். பந்தல் எங்கே, எத்தனை பேர், எத்தனை மணிக்கு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. விஜேந்திரன் மட்டும் ஒரே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா நாளைக்குச் சபையில் இருப்பாளா?

உள்ளே வீரய்யாவின் குரல் கேட்டது. “எங்க இருக்க? சத்தமாப் பேசு.” பிறகு, “இன்னும் அங்கயா இருக்க?”

கைபேசியில் எதை அழுத்தினாரோ, மறுமுனைக் குரல் வீடு முழுவதும் கேட்டது. அது அழுகையா பேச்சா என்று முதலில் பிரிக்க முடியவில்லை.

“பேரு கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தேங்க. கூப்பிடல. பிளேன் போயிடுச்சு.”

தனுஜாவின் கையில் இருந்த தட்டு சாய்ந்து, முறுக்கு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. அதைக்கூட யாரும் எடுக்கவில்லை.

விஜேந்திரன்தான் முதலில் வாய் திறந்தார். “பேரு கூப்பிடலையாம்.” கோப்பையைக் கீழே வைத்தார். “பிளேனுக்கு யாரு பேரு கூப்பிடுறது, கங்காணியா? அஞ்சு வருசமா வராதவங்க இன்னைக்கு மட்டும் வந்துருவாங்களா? வர மனசு இருந்தா நடந்தே வந்திருக்கலாம்.”

“அண்ணே, கடலு இருக்குல்ல நடுவுல,” என்றாள் இராக்கம்மா மெதுவாக.

“நீ சும்மா இரு. ஊரு சொன்னப்ப நான் நம்பல. இப்ப அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.”

உள்ளறை வாசலில் வந்து நின்ற வீரய்யா கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். விஜேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், “நாளைக்கு வேணாம் மச்சான். பந்தல்காரனுக்குச் சொல்லிடுங்க.”

இராக்கம்மா வாசற்படியில் ஒரு நிமிடம் தயங்கினாள். தனுஜாவைப் பார்த்தாள். அண்ணனின் பின்னால் இறங்கிப் போனாள்.

அவர்கள் எல்லோரும் சந்தேகப்பட்ட அந்தப் பெண் யார் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

விஜயலெட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வயதில் அதே தோட்டத்தில் கொழுந்துக்கூடை மாட்டியவள். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் களத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பத்தொன்பதாவது வயதில் ஒரு மழை நாள். தனக்கு எந்த மலை என்று முதல் நாளே தெரிந்துவிட்டதால், நனையாமல் சீக்கிரம் போய்விடலாம் என்று அவள் பெயர் கூப்பிடும் முன்பே கிளம்பிவிட்டாள். கணக்கப்பிள்ளை பின்னாலிருந்து கத்தினார்.

“ஏய் புள்ள, ஒன்னைய யாரு கூப்பிட்டா?”

இருநூறு பேர் சிரித்தார்கள். கூடையோடு திரும்பி வந்து வரிசையில் நின்றாள். அன்றைக்கு அவர் எல்லார் பெயரையும் கூப்பிட்டார், அவள் பெயரைத் தவிர. வெறும் கூடையோடு அவள் வீட்டுக்கு நடந்த அந்த நடை இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு தோட்டத்தில் வேலை செய்த பதினெட்டு வருடமும் தன் பெயர் காதில் விழாமல் அவள் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

முப்பத்தேழாவது வயதில் சைப்பிரஸுக்குப் போனாள். ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அன்றைக்கு ஏஜென்சிக்காரர் பதினோரு பெண்களையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுத்தான் அனுப்பினார். நான்கு வருடம் கழித்து ஒரு தடவை வந்து போனாள். அதற்குப் பிறகு நோய் வந்து நாடுகள் கதவடைத்தன. அது தீர்ந்தபோது கிழவி படுக்கையில் விழுந்துவிட்டாள். விஜயலெட்சுமி இல்லாமல் கிழவி ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டாள். ஐந்து வருடம் அப்படியே போனது.

ஐந்து வருடம் ஒரு பெண் வீடு திரும்பாவிட்டால் தோட்டத்தில் என்ன பேசுவார்கள்? அவளுக்கு அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையும் இருக்கிறது என்றார்கள். பிள்ளையின் வயதைக்கூடச் சொன்னார்கள். தனுஜாவுக்குப் பூனாகலையிலிருந்து வந்த முதல் சம்பந்தம் அந்தப் பேச்சில்தான் முறிந்தது. அதனால்தான் விஜேந்திரன் இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவள் சபையில் வந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பரிசம் கிடையாது.

போன மாதம் கிழவி கண்ணை மூடினாள். விஜயலெட்சுமி ஒரேயடியாக ஊர் திரும்பத் தயாரானாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர ஒரே டிக்கட்டில் இடம் கிடைக்கவில்லை. பதுளை டவுனில் டிக்கட் போடும் ஜெஸீம்தான் இரண்டு டிக்கட்டை ஒட்டி வழி கண்டுபிடித்தான். போனில் அவளுக்குப் பாடம் எடுப்பதுபோலச் சொன்னான்.

“அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இது ஒரு டிக்கட் இல்ல, ரெண்டு. ரெண்டுக்கும் ஒறவே இல்ல. மொதல் பிளேன்காரனுக்கு நீங்க கொழும்புக்குப் போறது தெரியாது. ரெண்டாவது பிளேன்காரனுக்கு நீங்க சைப்பிரஸ்ல இருந்து வர்றது தெரியாது. ஒன்னு லேட்டாச்சுன்னா மத்தது காத்துக்கிட்டு நிக்காது. பெரிய பெட்டி போடவே வேணாம். நடுவுல அதை எடுக்க வெளிய போகணும், அதுக்கு விசா இல்ல. கையில ஒரு பை மட்டும்.”

“சாமானெல்லாம் என்ன தம்பி பண்றது? ஒம்பது வருசத்துச் சாமான்.”

“சாமான் பொறகு வரட்டும். நீங்க வாங்க. எறங்குனதும் டிரான்ஸ்பர் மேசையில ரெண்டாவது போர்டிங் பாஸை வாங்கிடுங்க. கேட் நம்பரைப் பாத்து அங்க போய் உக்காந்துடுங்க. நேரமானா கூப்பிடுவாங்க.”

நேரமானா கூப்பிடுவாங்க. ஜெஸீம் சொன்ன அத்தனையிலும் அந்தக் கடைசிச் சொல்தான் அவள் மனதில் ஆழமாக இறங்கியது.

எல்லோரும் பயந்தது முதல் விமானம் தாமதமாகிவிடுமோ என்றுதான். அது இருபது நிமிடம் முன்னதாகவே வந்து இறங்கியது. வளைகுடாவின் அந்தப் பெரிய விமான நிலையத்தில் அவள் யாரிடமும் திட்டு வாங்காமல் டிரான்ஸ்பர் மேசையைக் கண்டுபிடித்தாள். போர்டிங் பாஸ் வாங்கினாள். கேட் இருக்கும் இடத்தை ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்தும் வந்தாள். கொழும்பு விமானம் இரண்டு ஐம்பதுக்கு. அப்போது காலை பதினொரு மணி.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவள் கைபேசியில் மேடம் அனுப்பிய ஒரு பாஸ் இருந்தது. கிழவியின் மகள்தான் அந்த மேடம். புறப்படும்போது அவள் விஜயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், ஒன்பது வருடம் என் அம்மாவைத் தூக்கிச் சுமந்தாய், மூன்று மணி நேரமாவது நீ சொகுசாக உட்கார வேண்டும் என்று. இதை வீரய்யாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டார்.

“லஞ்ச் குடுக்குறாங்களா?”

“லஞ்ச் இல்லீங்க, லவுஞ்ச். பெரிய ஆளுக உக்கார்ற எடமாம். லஞ்சும் உண்டாம்.”

“அப்ப ரெண்டும் ஒன்னுதானே,” என்று சிரித்தார் வீரய்யா. அதுதான் அந்த வீடு கடைசியாகச் சிரித்த சிரிப்பு.

பதினொன்று இருபதுக்கு அவள் அந்த லவுஞ்சுக்குள் நுழைந்தாள். மேசையில் இருந்த பெண் கைபேசியை வாங்கிப் பார்த்து, சிரித்து, வேகமாக ஏதோ சொல்லி, சுவரில் இருந்த ஒரு சிறிய பலகையைக் காட்டினாள். வீட்டுக்காரர்கள் பேசும் ஆங்கிலம் விஜயலெட்சுமிக்குப் புரியும். இந்த வேகம் புரியவில்லை. வாசிக்கவும் அவ்வளவாக வராது. தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கால் புதையும் விரிப்பு. வரிசையாகச் சாப்பாடு. எடுப்பவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவள் இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த மெத்தை நாற்காலிகளை எல்லாம் விட்டுவிட்டு, வாசலுக்கு மிக அருகில் இருந்த மர நாற்காலியில் அமர்ந்தாள். அங்கேதான் பெயர் கூப்பிட்டால் நன்றாகக் கேட்கும். குடித்து முடித்து, தன் மேசையைத் தானே துடைத்தாள். அதைப் பார்த்த ஒரு கனவான் எழுந்து வந்து தன் எச்சில் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவளும் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

எதிரே சுவரில் ஒரு திரை. கொழும்பு என்ற ஆங்கில எழுத்துகளை அவளுக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் முதலில் வெள்ளையில் எழுதியிருந்தது. பிறகு பச்சை ஆனது. இரண்டு மணியளவில் சிவப்பாகி மின்னத் தொடங்கியது. நேரம் நெருங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பையைத் தோளில் மாட்டினாள். முதுகை நிமிர்த்தினாள். இதோ, இப்போது கூப்பிடுவார்கள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். தோளில் பையோடு, நிமிர்ந்த முதுகோடு, கதவைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு இருபதுக்கு மேசைப் பெண் நேராக அவளிடம் வந்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்து, அந்த நீண்ட பெயரை உடைத்து உடைத்து வாசித்தாள்.

“ஆமாங்க,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்தாள் விஜயலெட்சுமி. நெஞ்சு குளிர்ந்தது. கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது, வெளியே போக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் அந்தப் பெண் வந்தாள். விஜயலெட்சுமிக்கு அது தெரியாது. கேட்டுக்கு நடந்துபோகப் பதினெட்டு நிமிடம் ஆனது. அங்கே கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரம் என்பார்களே, அந்தத் தூரம்.

சீருடைக்காரன் அவளுடைய பாஸை வாங்கிப் பார்த்தான். தலையை ஆட்டினான். அவளுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“உங்க பேரை நாலு தடவை கூப்பிட்டோம்.”

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு தடவை. பதினெட்டு வருடம் ஒரு தடவைகூடத் தவறவிடாத தன் பெயர், இன்றைக்கு நாலு தடவை ஒலித்தும் அவள் காதில் விழவில்லை. வெளியே விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அப்போது எடுத்த போன்தான் தகரப் பெட்டியின் மேல் அதிர்ந்தது.

மறுநாள் காலை பந்தல் மூங்கிலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வீரய்யா பஸ் ஏறி பதுளைக்குப் போய் ஜெஸீமின் கடை வாசலில் நின்றார். முழுக்கதையையும் கேட்ட ஜெஸீம் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

“லவுஞ்சுக்கா போனாங்க? அங்க ஒன்னும் கூப்பிட மாட்டாங்க அண்ணே. பணக்காரங்க தூங்குற எடம், சத்தம் போட மாட்டாங்க. அதைத்தான் அந்தப் பலகையில எழுதிப் போட்டிருப்பாங்க.” சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தான். “இருவது வருசமா டிக்கட் போடுறேன். நம்ம அக்காமாருக்குக் கேட் சொல்லிக் குடுத்திருக்கேன், டிரான்ஸ்பர் சொல்லிக் குடுத்திருக்கேன். இவங்க லவுஞ்சுக்குப் போவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நான் சொல்லியிருக்கணும்.”

அவள் தவறவிட்ட விமானக்காரன், நீங்கள் வரவில்லை, டிக்கட் முடிந்தது என்றான். முதல் விமானக்காரன், நான் கொண்டுவந்து இறக்கிவிட்டேன் என்றான். ஜெஸீம் சொன்னதுபோல இரண்டுக்கும் உறவில்லை. கடைசியில் விஷயம் கேள்விப்பட்ட மேடம்தான் பதறிப்போய்த் திங்கட்கிழமைக்குப் புது டிக்கட் எடுத்து அனுப்பினாள். அதுவரை விஜயலெட்சுமி கேட்டுக்கு முன்னாலேயே இருந்தாள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தோட்டத்துக்கு வந்து இறங்கியபோது, பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்கள்.

புதன்கிழமை பகலில் இராக்கம்மா தனியாக வந்தாள். வீரய்யா வேலைக்குப் போயிருந்தார். தனுஜா அடுப்படியில் இருந்தாள். விஜயலெட்சுமி பதறி எழுந்து, புதுப் பாயை விரித்தாள்.

“வாங்க மதினி. உக்காருங்க.”

இராக்கம்மா உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு போன்ல நீ சொன்னது இந்தக் காதுல விழுந்துச்சு. பேரு கூப்பிடலன்னு சொன்ன. நாலு நாளா அந்தச் சொல்லு என்னைய விடல. என்னதான் நடந்துச்சு?”

விஜயலெட்சுமி சொன்னாள். ரொட்டித் துண்டையும் சொன்னாள், எச்சில் தட்டையும் சொன்னாள். திரை சிவப்பானதையும் சீருடைக்காரன் சொன்னதையும் சொல்லி முடித்தபோது இராக்கம்மா கேட்டாள்.

“செவப்பா மின்னுறப்பவே எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல?”

“பேரு கூப்பிடலையே மதினி.”

“நாலு தடவை கூப்பிட்டாங்களாமே.”

“எனக்குக் கேக்காத எடத்துல கூப்பிட்டிருக்காங்க.”

இராக்கம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பெரட்டில் நின்றவள். திடீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“பொய் சொல்றவ பனின்னு சொல்லுவா, மழைன்னு சொல்லுவா, பிளேன்ல கோளாறுன்னு சொல்லுவா. பேரு கூப்பிடலன்னு எவ சொல்லுவா? நானா இருந்தாலும் அங்கதான் தாயி உக்காந்திருப்பேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா எங்க அண்ணன் ஒன்னு சொல்லி அனுப்பியிருக்கு. ஒன் பாஸ்போட்டைப் பாக்கணுமாம். இந்த அஞ்சு வருசத்துல எங்க போன, எங்க வந்தன்னு. எனக்கு நாக்கு கூசுது. என்ன செய்ய?”

விஜயலெட்சுமி எழுந்து பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, பாயில் உட்கார்ந்து நீட்டினாள்.

“குடுக்காதீங்கம்மா.”

தனுஜா வாசலில் நின்றாள். வந்து, நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அத்தை, மாமா சந்தேகப்பட்டதுக்கு நான் கோவிக்கல. அன்னைக்கு போன் வந்துச்சே, நானும் நம்பல.” அம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “ஒரு மணி நேரம். அங்க யாரையோ விட்டுட்டு வர மனசில்லாமதான் அம்மா இப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஊரு சொன்னது எல்லாம் நெசம்னு நெனச்சேன். அதுக்குப் பொறகுதான் அவங்க அழுதது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. நெனச்ச பாவம் எனக்கே போதும். இன்னொருத்தர் கையில அம்மாவைக் குடுத்துச் சரி பாக்கச் சொல்ல என்னால முடியாது. இதுக்காகப் பரிசம் நின்னா நிக்கட்டும்.”

விஜயலெட்சுமிக்குக் காது அடைத்தது. கண்ணாடிக் கதவு மூடியிருந்தபோதுகூட அவளுக்கு இப்படி இல்லை. ஊர் பேசியது அவளுக்குத் தெரியும். ஊர்தானே என்று ஐந்து வருடம் தாங்கினாள். இந்த ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“நீயுமா?” என்றாள்.

தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

இராக்கம்மா தாயையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். மெதுவாக எழுந்து, விஜயலெட்சுமியின் மடியில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து, திறக்காமலே தகரப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“எங்க அண்ணனுக்கு இதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கணும்னே தெரியாது. அது என்னத்தைப் பாக்கப் போகுது,” என்றாள். “ஞாயித்துக்கெழமை காலையில நானும் துஷாந்தும் வர்றோம், வெத்தல பாக்கோட. அண்ணன் வந்தா வரட்டும். வந்தா இந்தச் சபையில ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் உக்காரும். வரலைன்னா தாய்மாமன் எடத்துல நான் நிக்கிறேன்.”

“தேத்தண்ணி குடிக்கல அத்தை,” என்றாள் தனுஜா.

“அன்னைக்கே குடிச்சேன்ல. ஞாயித்துக்கெழமை குடிக்கிறேன். பஸ் வந்துடும்.” தனுஜாவின் தலையில் ஒரு கணம் கையை வைத்தாள். “ஒங்கம்மாகிட்டப் போ.”

வழியனுப்ப எழ வேண்டும் என்று விஜயலெட்சுமிக்குத் தெரிந்தது. ஆனால் எழுந்தால் மகளை நிமிர்ந்து பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்தபடி பாயிலேயே இருந்தாள். தனுஜா வாசல் வரை போய், இராக்கம்மா படியிறங்கி வளைவில் மறையும்வரை நின்றாள். பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.